பாணி மூடி

காய்ச்சல் பாணிப் போத்தலின் தலையில்
கவிழ்ந்திருந்த பிளாஸ்டிக் மூடி
இப்போது என் பீங்கான்.
மூன்று பிள்ளைக்கும் ராவிராவாக
கோடு பார்த்து ஊற்றிப் பருக்கிய மூடி.
அதில்தான் எனக்குப் பருப்புத் தண்ணி.
மறுகா கோழிச் சாறு.
மறுகா முள் எடுத்து மசித்த மீன்.
ஒரு கரண்டி கூடினால் போதும்,
நெஞ்சுக்குழியில் ஆரோ கல்லை வைத்து
அதன் மேல் குந்தியிருப்பது போல.

கொழும்பில் வெட்டி எடுத்தது
என் இரைப்பையில் முக்கால்வாசி.
"அத எங்க உம்மா போட்டாங்க?"
சின்னவன் கேட்டான்.
தெரியாது மனே. நான் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

பகல் ஒன்றரை.
சாய்ந்தமருது வெயிலைக் கிழித்துக்கொண்டு
பள்ளிக்கூட வேன் ஹோர்ன் அடிக்கிறது.
செருப்பை உதறும் முன்னமே பசி வந்துவிடும் இவர்களுக்கு.
கீரிமீன் ஆணத்தை
உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு
நாக்கு நுனியால் உப்புப் பார்த்தேன்.
நல்ல ஆணம். கொறுக்காப்புளி கணக்காக.
அந்தச் சொட்டோடு என் பங்கு சரி.

அத்னானுக்குக் குழைத்து உருட்டுகிறேன்.
மூன்று உருண்டை அவனுக்கு, ஒன்று எனக்கு:
எட்டு வருடமாகக் கை படித்த கணக்கு.
இன்றும் நாலாவது உருண்டையோடு
கை தானாகக் கிறுகி என் பக்கம் வந்தது,
பாதி வழியில் நின்றது.
நின்ற கையைப் பார்த்து
அவன் வாயைத் திறந்தான்.

கறிவேப்பிலையோடு ஒதுக்கிய ஓரச் சோறு,
கடித்து வைத்த முட்டையின் வெள்ளை,
பாலில் ஊறிப் பிய்ந்த பிஸ்கட்,
எல்லாம் எனக்குள்தான் போகும் முந்தி.
கொட்டினால் பறக்கத் போய்விடும் என்ற பயம்.
பசித்தா தின்றேன்?
நூற்றுப் பதினெட்டுக் கிலோ நிறுத்தார்கள்.
அதில் எத்தனை கிலோ
இவர்கள் வைத்த மிச்சம் என்று
எந்தத் தராசு சொல்லும்?

இப்போது ஜெஸீமா வீட்டுக் கோழிகள்
கொழுத்துவிட்டன.

எனக்கென்றால் மீன் முதல், சோறு கடைசி.
தண்ணீர் அரை மணித்தியாலத்துக்குப் பிறகு.
ஒவ்வொரு வாய்க்கும் முப்பது மெல்லல்.
எண்ணுவது சின்னவன், விரல் மடக்கி.
"இருபத்திரெண்டிலயே விழுங்கிட்டீங்க உம்மா,
கள்ளம்!"
சிரித்தால் குத்துகிறது. சிரித்தேன்.

மின்ஹாவின் பீங்கானில்
சோறு அப்படியே கிடந்தது.
அலுமாரிக்குள் கிடந்த இன்னொரு பாணி மூடியை
எப்போது எடுத்தாளோ, கழுவியும் வைத்திருக்கிறாள்.
அதற்குள் சோற்றை அமத்தி நிரப்பி,
பெருவிரலால் தலை தடவி,
எண்ணி எண்ணி மெல்லுகிறாள்.
"எனக்கு இவ்வளவு போதும்."
என்னத்துக்கு மகள்?
"கிளாஸில சொல்றாங்க
நான் உம்மா மாதிரி எண்டு."

எட்டு வயது.
ஆணம் அடுப்பில் வற்றிக்கொண்டிருந்தது,
எழும்பி அணைக்கத் தோன்றவில்லை.
கத்திக்குக் கையெழுத்து வைத்தவள்
பிள்ளைக்கு என்ன வாயால் சொல்வது, தின்னு என்று?

சீனி ஏறிக் கால் மரத்ததை,
படியேறினால் மூச்சு நின்றதை,
உன்னைத் தூக்க ஒண்ணாமல் போன நாளைச்
சொன்னேன். பாதி கேட்டாள்.
உன்ட வயிறு முழுசா இரிக்கு மகள்,
ஆரும் தொடல்ல.
அவள் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்,
சட்டைக்கு மேலால்.

மறுகா பேரம்.
எனக்கு ஒண்டு, உனக்கு மூணு.
"ரெண்டு."
சரி, ரெண்டு.
நான் முப்பது எண்ணி முடிக்க முன்னம்
அவள் ரெண்டையும் விழுங்கிவிட்டு
கையைப் பார்த்தபடி இருந்தாள்.
மூன்றாவதை உருட்டினேன், ஒன்றும் சொல்லாமல்.
அவளும் ஒன்றும் சொல்லவில்லை.
பாதி தின்றாள்.
மீதி கோழிக்கு.

ரா, ஒரு மூடியைக் கழுவிக்
குசினி யன்னலில் கவிழ்த்தேன்.
மற்றதை வீசவில்லை,
பாணிப் போத்தலின் தலையில் போட்டு இறுக்கினேன்.
கடல் இரைகிறது, மாரி கிட்ட.
பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும்.